பாட்டு எங்கே குடியிருக்கிறது? ஸ்ட்ரீமரும் சர்வரும் வாங்கும் முன்

“அண்ணா, பாட்டு ஃபோன்லயே வருது. ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் வீட்ல இருக்கு. நடுவுல இன்னொரு பெட்டி எதுக்கு?”

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் சிற்றூரில், சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது இது. அவர் அப்பா வாங்கிய ஆம்ப்ளிஃபயர் இன்னும் நன்றாக ஓடுகிறது. ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கரும் இருக்கிறது. ஆம்புக்குப் பின்னால் ஒரு சின்ன ப்ளூடூத் பெட்டியைச் செருகி, ஃபோனிலிருந்து பாட்டுப் போட்டுக்கொள்கிறார். இதற்கு மேல் என்ன தேவை என்பது அவர் சந்தேகம். நியாயமான கேள்விதான்.

“காலையில நீங்க இலை எடை போடக் கிளம்பினதும் வீட்ல பாட்டு என்ன ஆகுது தம்பி?” என்று கேட்டேன். நின்றுவிடும் என்றார். ஃபோன் வந்தாலும் நின்றுவிடும். அவர் வீட்டில் இல்லாத நேரம் முழுக்க அந்த ஆம்பும் ஸ்பீக்கரும் சும்மா கிடக்கின்றன. அவர் அம்மாவுக்குப் பாட்டுக் கேட்க வழியில்லை. ஸ்ட்ரீமர் என்ற பெட்டி எதற்கு என்பதற்கு முதல் பதில் இங்கேயே இருக்கிறது. பாட்டு ஃபோனை விட்டு வெளியே வந்து வீட்டுக்குச் சொந்தமாகிறது. வீட்டில் யார் வேண்டுமானாலும் போடலாம்.

இரண்டாவது பதில் ஒலியைப் பற்றியது. ப்ளூடூத்தில் ஃபோன்தான் எல்லா வேலையும் செய்கிறது. பாட்டை இணையத்திலிருந்து வாங்கி, விரித்து, மறுபடி சுருக்கி, காற்றில் அனுப்புகிறது. ஒரு சிடியில் உள்ள இசை ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட். ப்ளூடூத்தில் எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான எஸ்பிசி முறையில் 300 கிலோபிட் சொச்சம்தான் போகும். எல்டிஏசி போன்ற நல்ல முறையிலும் உச்சம் 990. வைஃபையிலோ கேபிளிலோ இணைந்த ஸ்ட்ரீமருக்கு இந்த நெருக்கடி கிடையாது. ஸ்பாட்டிஃபை கனெக்ட் மாதிரியான வசதியில் உங்கள் ஃபோன் வெறும் ரிமோட். “இந்தப் பாட்டைப் போடு” என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. பாட்டை நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்வது ஸ்ட்ரீமர். ஃபோனை எடுத்துக்கொண்டு கிளம்பினாலும் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

நான்கு வேலை

வீட்டில் ஒரு பாட்டு ஒலிக்க நான்கு வேலை நடக்கவேண்டும். பாட்டு எங்காவது கோப்பாக இருக்கவேண்டும். அதை யாராவது எடுத்துவர வேண்டும். எண்களாக வந்ததை மின் அலையாக மாற்ற வேண்டும். அந்தச் சின்ன அலையை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெருக்க வேண்டும். வைத்திருப்பது சர்வர், எடுத்துவருவது ஸ்ட்ரீமர், மாற்றுவது டிஏசி, பெருக்குவது ஆம்ப்.

சர்வர் என்றதும் நமக்கு ஓட்டலில் பரிமாறுகிறவர் நினைவுக்கு வருவார். அந்த நினைப்பு ஒருவகையில் சரிதான்: கேட்டதை எடுத்துக் கொடுக்கும் வேலை இருவருக்கும் பொது. இசை சர்வர் என்பது உங்கள் பாட்டுகளை எல்லாம் ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொண்டு, எந்தப் படம், யார் பாடியது, எந்த ராகம் என்று ஒரு பட்டியலும் வைத்துக்கொண்டு, கேட்கும்போது கொடுக்கும் ஒரு சிறு கணினி.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், கடையில் விற்கும் பெட்டிகள் இந்த நான்கில் சிலவற்றைச் சேர்த்துச் செய்கின்றன. டிஏசி இல்லாத ஸ்ட்ரீமரை டிரான்ஸ்போர்ட் என்பார்கள். ஸ்ட்ரீமர், டிஏசி, ஆம்ப் மூன்றும் ஒரே பெட்டியில் வந்தால் ஸ்ட்ரீமிங் ஆம்ப். நெட்வொர்க் பிளேயர் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் டிஏசி உள்ள ஸ்ட்ரீமர். பெயரை விட்டுவிட்டு, இந்த நான்கு வேலையில் இது எதைச் செய்கிறது, வீட்டில் ஏற்கெனவே எது இருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தம்பியிடம் ஆம்ப் இருக்கிறது. பழைய ஆம்ப் என்பதால் டிஏசி கிடையாது. ஆக அவருக்கு வேண்டியது டிஏசியோடு கூடிய ஸ்ட்ரீமர். ஸ்ட்ரீமிங் ஆம்ப் வாங்கினால் அப்பாவின் ஆம்ப் பரணுக்குப் போய்விடும்.

பஞ்சாயத்துக் குழாயும் மேட்டுத் தொட்டியும்

இனித்தான் முக்கியமான விஷயம். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று ஆரம்பிக்கும் முன் உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது: என் பாட்டு எங்கே குடியிருக்கிறது?

மலையில் வீடு கட்டியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வருகிறது. ஆனாலும் மேட்டில் ஒரு தொட்டி கட்டாமல் யாரும் குடிபோவதில்லை. குழாய் என்றைக்கு நிற்கும் என்று தெரியாது. இணையச் சேவைகள் அந்தக் குழாய். உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பாட்டு மேட்டுத் தொட்டி.

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்கு. எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்தால் கரண்டும் போகும், கேபிளும் போகும். ஃபைபர் அறுந்து இரண்டு மூன்று நாள் இணையம் இல்லாமல் இருந்த வாரங்கள் எனக்கு உண்டு. வெளியே போகமுடியாமல், ஜன்னலில் மூடுபனி ஒட்டிக்கொண்டு, பாட்டுக் கேட்கவென்றே வரும் நாட்கள் அவை.

இணையம் நன்றாக வரும் ஊரிலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சேவையில் இருக்கும் பாட்டு நம்முடையது கிடையாது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. சில மாதங்களுக்குள் சரிகமாவோடு உரிமை விவகாரம் நீதிமன்றம் போய், சரிகமாவின் பாடல்கள் நீக்கப்பட்டன. 2020ல் ஒப்பந்தம் ஆன பிறகுதான் திரும்பி வந்தன. சரிகமா என்றால் பழைய எச்எம்வி. பழைய தமிழ்ப் பாடல்களிலும் கர்நாடக இசையிலும் எத்தனை பொக்கிஷம் அவர்களிடம் என்று ரசிகர்களுக்குத் தெரியும். ஒரு ஒப்பந்தம் இல்லாமல் போனால் நேற்று கேட்ட பாட்டு இன்று இல்லை.

அப்புறம், எந்தச் சேவையிலும் இல்லாத பாட்டுகள். அந்தத் தம்பியின் அம்மாவிடம் படுகர்களின் மொழியான படுகுவில் பாடிய பாட்டுக் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. கல்யாண ஆட்டப் பாட்டு, ஹெத்தை அம்மன் பாட்டு. அவற்றில் நான் தேடிப்பார்த்த பலவும் இணையத்தில் கிடைக்கவில்லை. ஊர்க் கச்சேரியில் யாரோ பதிந்தது, தாத்தா பாடியது என்று ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். இதற்கெல்லாம் குடியிருக்க இடம் வீட்டு சர்வர்தான்.

இணையச் சேவையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் வைத்திருக்கிறேன். புதுப் பாட்டைத் தெரிந்துகொள்ள அதைப்போல் வசதி வேறில்லை. வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்து மயங்காமல் இருந்தால் போதும். டைடல், கோபஸ் என்ற இரண்டு இசைச் சேவைகளும் அருமையாக இணைகின்றன என்று அவற்றில் பாராட்டுவார்கள். நான் இதை எழுதும்வரை அவை இந்தியாவில் அதிகாரப்பூர்வமாகத் தொடங்கப்படவில்லை. நம் வீடுகளில் நிறையப் பேர் யூடியூப் மியூசிக் கேட்கிறார்கள். அது ஸ்ட்ரீமருக்குப் போக, ஃபோனில் தேர்ந்த பாட்டைப் பெட்டியில் ஒலிக்கவைக்கும் கூகுள் காஸ்ட் வசதி பெரும்பாலும் தேவை. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலிலேயே இது மாறும்: வீம் மினியில் ஆப்பிளின் ஏர்ப்ளே உண்டு, காஸ்ட் கிடையாது, வீம் ப்ரோவில் இரண்டும் உண்டு. நீங்கள் கேட்கும் சேவை இந்தப் பெட்டியில் எப்படி வரும் என்று கடைக்காரரைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள்.

இணையம் எவ்வளவு வேகம் வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். ரொம்பக் கொஞ்சம் போதும். 320 கிலோபிட் பாட்டு ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி எடுக்கும். சிடி தரத்தில் ஒலி இழக்காமல் கேட்டால் மணிக்கு ஏறக்குறைய 400 எம்பி. தினம் 1.5 ஜிபி தரும் ஃபோன் பிளானில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். தொட்டியிலிருந்து கேட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

தொட்டி எவ்வளவு பெரியது?

சிடியை ஃப்ளாக் என்ற கோப்பு வடிவத்தில் ஏற்றலாம். ஃப்ளாக் இடத்தைத்தான் சுருக்கும்; ஒலியில் ஒரு துளியும் போகாது, திரும்ப விரித்தால் சிடியில் இருந்த எண்களே கிடைக்கும். 2001லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, இலவசம், ஏறக்குறைய எல்லா ஸ்ட்ரீமரும் புரிந்துகொள்ளும். ஒரு மணி நேர சிடி 300லிருந்து 400 எம்பி வரும். அதிகமாகவே வைத்துக்கொண்டாலும் 1 டிபி டிஸ்கில் 2,500 சிடி கொள்ளும். 300 சிடி வைத்திருப்பவருக்கு 120 ஜிபி. அதாவது ஒரு 256 ஜிபி பென் டிரைவ். இதற்காக லட்ச ரூபாய் மியூசிக் சர்வர் விலை விசாரித்துக்கொண்டிருந்த ஒருவரை நான் தடுத்திருக்கிறேன்.

ஆகவே ஆரம்பிப்பவருக்கு என் யோசனை: பின்னால் யுஎஸ்பி துளை உள்ள ஸ்ட்ரீமர் ஒன்றை வாங்கி, அதில் ஒரு எஸ்எஸ்டியோ (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) பென் டிரைவோ செருகுங்கள். இதுவே ஒரு சர்வர். பட்டியல் ஓரளவு நன்றாக வந்தால் பல வருடம் இதுவே போதும். துளை இருக்கிறது என்பதோடு நிற்காமல், அதில் டிஸ்க் செருகினால் இணையம் இல்லாமலும் ஆப்பில் தேடிப் போட முடிகிறதா என்று ரூட்டரின் இணைய ஒயரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். சில பெட்டிகள் இணையம் போனால் வீட்டுப் பாட்டைக்கூடத் திறக்க முரண்டு பிடிக்கும். நம் ஊருக்கு அது ஆகாது.

இரண்டு மூன்று அறையில் ஸ்ட்ரீமர் வைக்கப்போகிறீர்கள், அல்லது பாட்டு ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்றால் தனி சர்வர் நல்லது. சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பில் லைரியன் மியூசிக் சர்வர் என்ற இலவச மென்பொருளைப் போடலாம். நாஸ் என்ற நெட்வொர்க் டிஸ்க் பெட்டி வாங்கலாம். ரூன் என்ற மென்பொருள் பாடகர், ஆல்பம், குறிப்பு எல்லாவற்றையும் மிக அழகாகக் கோத்துக் காட்டும். ஆனால் சந்தா உண்டு, அதற்கென ஒரு கணினியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முதல் வருடம் அது வேண்டாம் என்பேன்.

கொஞ்சம் கைவேலை பிடிக்கும் என்றால் ராஸ்பெர்ரி பை. கையளவு கணினி. மூட், வால்யூமியோ, பைகோர்ப்ளேயர் போன்ற மென்பொருளில் ஒன்றை மெமரி கார்டில் ஏற்றிச் செருகினால் ஸ்ட்ரீமரும் சர்வருமாக வேலை செய்யும். மேலே ஒரு சின்ன டிஏசி பலகையைப் பொருத்தினால் நேராக ஆம்புக்கு ஒயர் இழுத்துவிடலாம். இவற்றில் பைகோர்ப்ளேயரை நம் மலைக்கு நான் விசேஷமாகச் சொல்வேன். அது தொடங்கும்போதே முழுக்க ராம் என்ற தற்காலிக நினைவகத்துக்கு ஏறிவிடும். கரண்ட் திடீரென்று போனால் மற்றவற்றில் மெமரி கார்டு கெட வாய்ப்புண்டு. இதில் அந்தப் பயம் மிகக் குறைவு.

ஹார்ட் டிஸ்க் வாங்குபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளலாம். சுழலும் தட்டின்மேல் படிக்கும் முனை, காற்றின் மெல்லிய படலத்தில் மிதக்கிறது. உயரம் போகப்போகக் காற்று மெலிவதால் உயர வரம்பு போட்டிருப்பார்கள். வழக்கமாக அது ஏறக்குறைய 3,000 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான் என்பதால் நீலகிரியில் எங்கே வைத்தாலும் தைரியமாக ஓட்டலாம். எஸ்எஸ்டிக்கு இந்தக் கவலையே இல்லை, சத்தமும் கிடையாது. பாட்டுக் கேட்கும் அறையிலேயே வைப்பதென்றால் எஸ்எஸ்டிதான்.

உயரத்தைவிட ஈரம் பெரிய எதிரி. என் கேசட் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து சிலவற்றைத் தூக்கிப்போட வேண்டி வந்தது. சிடியின் உள்ளே இருந்த பாட்டுப் புத்தகங்கள் ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. ஓடிக்கொண்டே இருக்கும் பெட்டிக்கு அதன் சூடே காவல். ஸ்ட்ரீமரை அடிக்கடி அணைக்காமல் விடுவதில் தவறில்லை, அது இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். ஈரச்சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். பிரதி எடுத்து வைக்கும் டிஸ்க்தான் சும்மா இருப்பது. அதை இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். இன்னொரு பிரதி மலைக்குக் கீழே இருக்கட்டும். என்னுடையது கோயம்புத்தூரில் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. வருடத்துக்கு இருமுறை போகும்போது புதுப்பித்துவிட்டு வருவேன். டிஸ்க் ஒருநாள் சாகும். அது நிச்சயம்.

பெயர் சரியாக இல்லாத பாட்டு, தொலைந்த பாட்டு

சர்வர் வாங்கியவர்கள் சோர்ந்துபோய் விட்டுவிடுவது ஒலித்தரத்தால் இல்லை. டேக்கால்தான். ஒவ்வொரு கோப்புக்குள்ளும் பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம், இசையமைத்தவர், வருடம் என்று சிறு குறிப்புகள் இருக்கும். அவைதான் டேக். சர்வர் பட்டியல் போடுவது இதை வைத்துத்தான். இந்த முறை மேற்கத்திய பாப் ஆல்பத்துக்காக உருவானது: ஒரு ஆல்பம், ஒரு பாடகர். நம் சினிமாப் பாட்டை அதில் போட்டால் என்ன ஆகும் பாருங்கள். ஒரு படம், ஆறு பாட்டு, ஐந்து பாடகர். சர்வர் அதை ஐந்து ஆல்பமாகப் பிரித்துவிடும். படத்தைத் திறந்தால் இரண்டு பாட்டுத்தான் இருக்கும்.

இதற்கு மருந்து ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற டேக். சினிமாப் பாட்டுக்கு அதில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள். ஆறு பாட்டுக்கும் அதே பெயர். பாடியவர் பெயர் ஆர்ட்டிஸ்ட் டேக்கில் தனித்தனியாக இருக்கட்டும். உடனே படம் ஒன்றாகச் சேர்ந்துவிடும்; எஸ். ஜானகி என்று தேடினால் அவர் பாடியதெல்லாமும் வரும். வருடத்தில் சிடி வந்த வருடத்தைப் போடாமல் படம் வந்த வருடத்தைப் போடுங்கள். இல்லாவிட்டால் 1960களின் பாட்டெல்லாம் 1990களில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இளையராஜாவின் பெயர் ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதப்பட்டுக் கிடக்கிறது. ஒரு ‘ஏ’ கூடினாலும் குறைந்தாலும் சர்வருக்கு அவர் வேறு ஆள். என் பட்டியலில் முதலில் நான்கு இளையராஜா இருந்தார்கள். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே மாதிரி மாற்றினேன். ஒரு மாலை வேலைதான். நமது பழைய சிடிகளில் இன்னொரு வழக்கம், ஒரே சிடியில் இரண்டு மூன்று படம். ஏற்றும்போதே படத்துக்கொரு ஆல்பமாகப் பிரித்துவிடுங்கள். பிறகு செய்யலாம் என்று விட்டால் செய்யமாட்டோம்.

கர்நாடக இசைக்கு ராகம் வேண்டும், தாளம் வேண்டும். அதற்கென்று வழக்கமான டேக் கிடையாது. நான் ஜானர் (இசை வகை) என்ற டேக்கில் ராகத்தின் பெயரைப் போடுகிறேன். பெரும்பாலான ஆப்பில் ஜானர் வாரியாகப் பார்க்க முடியும் என்பதால் தோடியைத் தொட்டால் வீட்டில் உள்ள தோடி முழுக்க வரிசையாக நிற்கும். கம்போசர் டேக் தியாகராஜருக்கும் தீட்சிதருக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. மினிம்சர்வர் என்ற மென்பொருளில் ராகம் என்றே புது டேக் உண்டாக்கி அதன்படி பட்டியலிட வைக்கலாம். இந்த வசதிக்காகவே அதை வைத்துக்கொண்டிருக்கும் ரசிகர்கள் உண்டு.

டேக்கைத் தமிழில் எழுதலாமா என்று கேட்பார்கள். தாராளமாக எழுதுங்கள். வாங்கும் முன் அந்த ஸ்ட்ரீமரின் திரையிலும் ஆப்பிலும் தமிழ் எழுத்து சரியாக வருகிறதா, கட்டம் கட்டமாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இன்னொன்று: யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் வரிசை நம் அகரவரிசையோடு முழுக்கப் பொருந்தாது. ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ நிற்கும், ‘ர’வுக்கு அடுத்து ‘ற’ நிற்கும். அதனால் பட்டியலில் சில பெயர்கள் எதிர்பாராத இடத்தில் இருக்கும். தேடல் கட்டத்தில் தட்டினால் கிடைத்துவிடும்.

ஸ்ட்ரீமரில் என்ன பார்ப்பது

ஒலியைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எண்களாக வெளியே அனுப்பும் வேலையில் சரியாகச் செய்யப்பட்ட ஸ்ட்ரீமர்களுக்கு இடையே எனக்கு வித்தியாசம் கேட்டதில்லை. ஆம்பிலேயே நல்ல டிஏசி இருந்தால் விலை குறைந்த ஸ்ட்ரீமர் ஒன்றை ஆப்டிகல் அல்லது கோஆக்ஸியல் ஒயரில் இணைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். காதுக்குத் தெரியும் வித்தியாசம் அங்கேதான். 192 கிலோஹெர்ட்ஸ், 384 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நம்மிடம் உள்ள இசையில் பெரும்பகுதி சிடி தரமான 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்தான்.

நான் கட்டாயம் என்று நினைப்பது லேன் துளை, அதாவது ரூட்டரிலிருந்து வரும் ஒயரைச் செருகும் இடம். பழைய பங்களாக்களின் கல்சுவர் வைஃபையைத் தின்றுவிடும். ஒயர் இழுக்க வழியே இல்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி வரும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்கே நொடிக்கு 9.2 மெகாபிட்தான் வேண்டும் என்பதால் வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, அறுபடாமல் வரவேண்டும்.

அடுத்தது கேப்லெஸ். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது நடுவில் இடைவெளி விழாமல் இருப்பது. சினிமாப் பாட்டுக்கு இது தேவையில்லை. ராகம் தானம் பல்லவியை மூன்று டிராக்காக வெட்டிய சிடியில், தானம் தொடங்கும் இடத்தில் அரை நொடி மௌனம் விழுந்தால் கச்சேரியிலிருந்து வெளியே தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். அப்படி ஒரு சிடியை ஏற்றி எடுத்துப்போய்க் கடையில் போட்டுக் கேளுங்கள்.

பெட்டியின் ஆயுளை அதன் ஆப்தான் தீர்மானிக்கிறது. கூகுள் 2015ல் கொண்டுவந்த குரோம்காஸ்ட் ஆடியோ நல்ல சாதனம், 2019ல் நிறுத்திவிட்டார்கள். லாஜிடெக் தன் ஸ்க்வீஸ்பாக்ஸ் வரிசையை 2012ல் நிறுத்தியது. ஆனால் அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் ரசிகர்களே எடுத்து நடத்தி, இன்று லைரியன் என்ற பெயரில் வாழ்கிறது. பழைய ஸ்க்வீஸ்பாக்ஸ்கள் இன்னும் பாடுகின்றன. ஆகவே டிஎல்என்ஏ, யுபிஎன்பி, ஏர்ப்ளே, காஸ்ட் என்று பொதுவான முறைகள் எத்தனையை ஏற்கிறது என்று பாருங்கள். தன் ஆப்பைத் தவிர வேறெதற்கும் வழிவிடாத பெட்டி வேண்டாம். பழுதானால் எங்கே கொண்டுபோவது என்றும் கேட்டுவிடுங்கள். மலையிறங்கி இரண்டு முறை போய்வந்தால் ஒரு வாரம் ஓடிவிடும்.

இணைக்கும்போது ஒரு விஷயம். ஸ்ட்ரீமரில் வால்யூமை நிலையாக வைக்கும் அமைப்பு இருந்தால் அதைப் போட்டு, ஆம்பில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். இரண்டு இடத்தில் திருகினால் யாராவது ஒருவர் ஒருநாள் இரண்டையும் முழுக்கத் திறந்து ஸ்பீக்கரைப் பதம் பார்த்துவிடுவார்கள்.

இடியும் கரண்டும்

கோடை மழை இடியோடு வரும் ஒரு மாலையில் என் ரூட்டரும் ஸ்ட்ரீமரின் லேன் துளையும் ஒன்றாகக் கருகின. பிளக்கைக் கழற்றியிருந்தேன். ஆனால் அப்போது இணையம் செம்புத் தொலைபேசி ஒயரில் வந்துகொண்டிருந்தது. அந்த ஒயர் வழியாக மின்னல் உள்ளே வந்துவிட்டது. இப்போது ஃபைபர். அது கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. இருந்தாலும் கேபிள் டிவி, ஆன்டெனா ஒயர் ஏதாவது உங்கள் ஆம்போடு சேர்ந்திருந்தால் இடி கேட்டதும் அதையும் கழற்றுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் வீடுகளில் ஆம்புக்கு ஒரு ஸ்டெபிலைசர் தேவைதான். ரூட்டருக்கும் ஸ்ட்ரீமருக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று போதும். கரண்ட் வந்து வந்து போகும்போது ஸ்ட்ரீமர் ஒவ்வொரு முறையும் அணைந்து எழாமல் இருக்கும்.

தம்பி கடைசியில் டிஏசி உள்ள ஒரு சின்ன ஸ்ட்ரீமரும் 500 ஜிபி எஸ்எஸ்டியும் வாங்கினார். அம்மாவின் ஃபோனிலும் ஆப் போட்டாயிற்று. இப்போது கேசட்டுகளை ஏற்றிக்கொண்டிருக்கிறோம். டெக்கின் முனையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு பக்கத்தை ஒரே மூச்சாகப் பதிவுசெய்து, பிறகு பாட்டுப் பாட்டாக வெட்டுகிறோம். சத்தம் உச்சத்தைத் தொடாமல் கொஞ்சம் இடம் விட்டுப் பதிந்தால் போதும், மற்றதைப் பிறகு சரிசெய்யலாம். டேக் எழுதும் இடத்தில்தான் நேரம் பிடிக்கிறது. பாதிக் கேசட்டின் அட்டையைக் காணோம். பாட்டுகளின் பெயர் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எதைப் போட்டாலும் அம்மாவுக்கு முதல் அடி தெரிந்திருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல, அந்த முதல் அடியையே பெயராகத் தமிழ் எழுத்தில் தட்டிக்கொண்டிருக்கிறார் தம்பி.